ஒரு சாண் பொய்மீன்: பிவா ஏரியில் ஐந்து நாட்கள்

மார்ச் 23, கட்டாட்டா

கியோட்டோவை விட்டுக் கிளம்பிய ரயில், அடுத்த நிலையமான யமஷினாவிலேயே நின்றுவிட்டது. ஹிரா மலைகளிலிருந்து ஏரியை நோக்கி இறங்கும் காற்று அளவு மீறி வீசுவதால் மேற்குக் கரைப் பாதையில் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். எப்போது கிளம்பும் என்பதை யாரும் சொல்லவில்லை. பெட்டியில் இருந்த யாரும் கேட்கவும் இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த மூதாட்டி பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்களை எடுத்து, இரண்டை எனக்கு நீட்டினார். என் காலருகே இருந்த நீண்ட தூண்டில் உறையைப் பார்த்து, "மீன் பிடிக்கவா?" என்று கேட்டார். பாஸ் மீன் பிடிக்கப் போகிறேன் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "26ஆம் தேதி ஹிரா ஹக்கோ சடங்கு முடிகிற வரைக்கும் இந்தக் காற்று போகாது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். இந்த ஏரிக்கரையில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு அண்ணனே காரை எடுத்துக்கொண்டு யமஷினாவுக்கு வந்துவிட்டார். அண்ணன் என்றால் உடன்பிறந்தவர் அல்லர். தூத்துக்குடிக்காரர், பதினான்கு ஆண்டுகளாகக் கோபேயில் கப்பல் எந்திர வேலையில் இருக்கிறார். நான் தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்துக் குளக்கரைக் கிராமத்தில் வளர்ந்து, இப்போது நகோயாவில் எந்திர உதிரி பாகங்களுக்கு வரைபடம் போடுகிறவன். எங்கள் இருவரையும் சேர்த்தது தூண்டில்தான். நகோயாவைச் சுற்றியுள்ள குட்டைகளில் விரல் நீள ரப்பர்ப் புழுவைக் கட்டிப் பாஸ் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்று ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மீன் 35 சென்டிமீட்டர். அண்ணனிடம் புலம்பும்போதெல்லாம் அவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "யானைப் பசிக்குச் சோளப்பொரி போடுகிறாய் தம்பி. ஒரு சாண் நீளத்துக்குப் பொய்மீனைக் கட்டு. அப்புறம் பார்."

மீன் போலவே செய்து தூண்டிலில் கட்டும் அந்த ஒரு சாண் பொய்மீனுக்காகவே இந்த ஐந்து நாள் விடுப்பு.

தங்கிய இடம் கட்டாட்டா படகுத்துறைக்கு அருகில் உள்ள ஒரு சிறு விடுதி. விடுதியை நடத்தும் ஓகாமி-சானுக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். இரவு உணவில் சோறு, குட்டிச் சிப்பிகள் போட்ட மிசோ சாறு, இனிப்பாக வறட்டிய சின்ன மீன்கள். தனியாகக் காசு கொடுத்தால் ஃபுனாசுஷி தருவதாகச் சொன்னார். ஐந்து மெல்லிய துண்டுகள், 1,800 யென். நிகோரோபுனா என்ற ஏரி மீனை முட்டையோடு பிடித்து, உப்பில் பல மாதம் வைத்து, பிறகு சோற்றில் புதைத்து மறுபடியும் பல மாதம் புளிக்க விடுகிறார்கள். எலும்பெல்லாம் கரைந்துவிடுகிறது. நடுவில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை, சுற்றிலும் பழுப்பு நிறத்தில் சதை, அதன்மேல் பழைய சோறு குழைந்து ஒட்டியிருந்தது. வாயில் வைத்தவுடன் முதலில் ஏறியது வாடை. அடுத்து, நான்கு நாள் ஆன கெட்டித் தயிரின் புளிப்பு. கடைசியில் நாக்கில் நின்றது நல்ல மாவடுவின் உப்பு. இரண்டாவது துண்டிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணன் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார். இது முன்பெல்லாம் எல்லார் வீட்டுத் தாழியிலும் இருந்தது, இப்போது மீனே கிடைப்பதில்லை என்று ஓகாமி-சான் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மார்ச் 24, தென் ஏரி

காலை ஆறு மணிக்குப் படகில் ஏறியபோது காற்றின் வெப்பம் 4 டிகிரி. மேற்கே ஹிரா மலை உச்சிகளில் இன்னும் பனி இருந்தது. வழிகாட்டி நாற்பதுகளில் இருப்பவர், அதிகம் பேசாதவர். இருவருக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி 50,000 யென். அவர் முதலில் செய்தது தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்துச் சிறு குறிப்பேட்டில் எழுதியதுதான்: 9.6 டிகிரி. தேதி, காற்று, மேகம், பிடித்த மீனின் நீளம், அதன் வயிற்றில் என்ன இருந்தது என்று பதினோரு ஆண்டுக் கணக்கு அந்தக் குறிப்பேடுகளில் இருக்கிறதாம்.

பிவா ஜப்பானின் மிகப் பெரிய ஏரி. பரப்பு ஏறக்குறைய 670 சதுர கிலோமீட்டர்; கரையைச் சுற்றினால் 235 கிலோமீட்டர். 1964இல் திறந்த பிவாக்கோ பெரும்பாலம் இதைக் கட்டாட்டாவுக்கு அருகில் இரண்டாக வெட்டுகிறது. பாலத்துக்கு வடக்கே ஏரி நூறு மீட்டருக்கு மேல் ஆழம் போகிறது; தெற்கே சராசரி நான்கு மீட்டர்தான், அடியெல்லாம் பாசிக்கொடி. குளிர்காலத்தை ஆழத்தில் கழித்த பெரிய பெண் மீன்கள், முட்டையிடுவதற்கு முன் இந்த நாட்களில் மேடான பகுதிகளை நோக்கி நகர்கின்றன. ஆண்டில் மிக அதிக எடையோடு அவை இருப்பது இப்போதுதான். இங்கே தூண்டில் போடுகிறவர்களின் கனவுக்கு ஒரு பெயர் உண்டு: ரொக்குமாரு, அதாவது 'ஆறு-பூஜ்யம்', அறுபது சென்டிமீட்டர் மீன்.

வழிகாட்டி பெட்டியைத் திறந்தார். பத்துப் பதினைந்து பொய்மீன்கள், ஒவ்வொன்றும் தனித்தனி அறையில். நான் அதுவரை கட்டிவந்த பொய் இரைகள் ஐந்து முதல் பத்து கிராம். இங்கே சிறியது என்று அவர் எடுத்துக்காட்டிய கான் கிராஃப்ட் நிறுவனத்தின் ஜாயின்டட் கிளா 178, பெயரில் உள்ளபடியே 178 மில்லிமீட்டர் நீளம், ஏறத்தாழ 60 கிராம் எடை. எனக்குக் கொடுத்தது அதையும் விடப் பெரியது. இருபது சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நீளம், உள்ளங்கை அகல உடல், கையில் வைத்தால் ஒரு சின்னத் தேங்காய்ச் சில்லை வைத்தது போன்ற கனம். நடுவே ஒரே ஒரு மூட்டு. பக்கங்களில் செதில்களைத் தனித்தனியாகச் செதுக்கியிருந்தார்கள். முதுகு பச்சை கலந்த பழுப்பு, வயிறு மங்கலான பொன். வால் மட்டும் மென்மையான ரப்பர், கழற்றி மாற்றலாம். ஃபுனா நிறம் என்றார். நேற்று இரவு தட்டில் பார்த்த அதே மீன்.

அதை உடனே கட்டிவிடவில்லை. ஒரு வாளி ஏரித் தண்ணீரில் மெதுவாக விட்டார். அது மிதந்து நின்றது. குளிர்ந்த நீருக்கு அடர்த்தி கொஞ்சம் கூடுதல் என்பதால், கோடையில் மெல்ல மூழ்கும் பொய்மீன் இப்போது மிதக்கும் என்று விளக்கிவிட்டு, ஒட்டும் ஈயத் தகட்டிலிருந்து நகக்கண் அளவுக்கு ஒரு துண்டை வெட்டி வயிற்றில் ஒட்டினார். மறுபடியும் வாளியில் விட்டார். இப்போது தலை தாழ்ந்தது. துண்டைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். மூன்றாவது முறை, தலையும் வாலும் ஒரே மட்டமாக, மூச்சு விடுவது போல அவ்வளவு மெதுவாக அது கீழே இறங்கியது. எந்திர வரைபடத்தில் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடுகிற எனக்கு, அந்த இரண்டு நிமிடமே வந்த செலவுக்குப் போதும் என்று தோன்றியது.

வீசுவதும் வேறு வேலை. கோல் கடலுக்குக் கொண்டுபோவது போலத் தடிமன். தூண்டில் நரம்பு 25 பவுண்ட் தாங்கும் ஃபுளோரோகார்பன். மணிக்கட்டால் சுண்டக் கூடாது. இரு கைகளாலும் பிடித்து, பொய்மீனின் கனத்தை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, சுமையை எடுத்து வைப்பது போல முன்னால் கொண்டுவர வேண்டும். தண்ணீரில் விழுந்த பிறகு ரீலின் கைப்பிடியை அரைச் சுற்று சுற்றி நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் அது இடப்பக்கம் ஒரு முழம் வழுக்கிப் போகிறது. அடுத்த அரைச் சுற்றில் வலப்பக்கம் வழுக்குகிறது. இழுக்கும்போது அல்ல, இழுப்பதை நிறுத்தும்போதுதான் அதற்கு உயிர் வருகிறது. இதைக் கை கற்றுக்கொள்ள எனக்குக் காலை முழுவதும் ஆயிற்று.

ஏன் இவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு அண்ணனின் பதில் கணக்காக வரும். குளிர்ந்த நீரில் மீனின் உடம்பு மெதுவாக வேலை செய்கிறது. ஒரு சிறு மீனைத் துரத்தினாலும் பெரிய மீனைத் துரத்தினாலும் செலவாகும் சக்தியில் பெரிய வேறுபாடு இல்லை, வரவில்தான் வேறுபாடு. வயதான பெரிய பாஸ், பத்துச் சிறு மீன்களைத் தேடி அலைவதைவிட ஒரு பெரிய மீனைத் தின்றுவிட்டுப் பல நாள் சும்மா கிடப்பதையே விரும்பும். தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும் மீனைக்கூட அந்தப் பெரிய வாய் விழுங்கிவிடும். எங்கள் ஊர்க் குளத்தில் விரால் பிடிக்கிறவர்கள் முள்ளில் உயிருள்ள தவளையைக் கோத்து அல்லிக் கொடிகளுக்கு நடுவே தட்டித் தட்டி விடுவார்கள். மண்புழுவுக்கு வருவது கெண்டையும் கெளுத்தியும்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். அறிவு ஒன்றுதான், ஊர்தான் வேறு.

இந்த முறை ஒரு கலையாக வளர்ந்தது தெற்குக் கலிபோர்னியாவில். 1959இல் சான் டியகோ பகுதியின் நீர்த்தேக்கங்களில் ஃபுளோரிடா வகைப் பாஸை விட்டார்கள். அது மற்ற வகைகளைவிடப் பெரிதாக வளரக்கூடியது. அதே நீர்த்தேக்கங்களில், மீன்பிடிக்க வருகிறவர்களுக்காகக் குளிர்காலம்தோறும் டிரவுட் மீன்களை லாரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு சாணுக்கு மேல் நீளமான, கொழுத்த, ஊர் தெரியாத அந்த மீன்களைத் தின்று பாஸ்கள் பத்துக் கிலோவை நெருங்கின. அப்போதுதான் சிலர் டிரவுட் அளவிலேயே மரத்தில் மீன் செதுக்கிக் கட்டத் தொடங்கினார்கள். ஆலன் கோல் செய்த ஏ.சி. பிளக் அவற்றில் பெயர் பெற்றது. பின்னர் கென் ஹடில்ஸ்டன் மென்மையான ரப்பரில், பார்த்தால் உயிருள்ள டிரவுட் என்றே தோன்றும் அளவுக்குச் செய்தார். ஜப்பானியர் அதை எடுத்துக்கொண்டு, தங்கள் ஏரி மீன்களின் உருவத்தைக் கொடுத்து, இந்த இட-வல வழுக்கலைச் செம்மைப்படுத்தினார்கள்.

மதிய உணவு கடையில் வாங்கிய சோற்று உருண்டைகள், ஒன்று 160 யென். குளிரில் சோறு கட்டியாகி, கடித்தால் உதிர்ந்தது. வழிகாட்டி தன் பிளாஸ்கிலிருந்து மிசோ சாறு ஊற்றித் தந்தார். மாலை நான்கு மணி வரை ஏறத்தாழ முந்நூறு முறை வீசியிருப்பேன். ஒரு மீன்கூட வரவில்லை. தோள்பட்டையைத் தூக்க முடியவில்லை. வலது கட்டைவிரல் நுனியில் தோல் வழன்றிருந்தது. இறங்கும்போது வழிகாட்டி தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டது எனக்குச் சங்கடமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கும்படி அவர் எதுவும் செய்துவிடவில்லை.

மார்ச் 25, பாலத்துக்கு வடக்கே

காலை ஒன்பது மணிக்கு மீனைப் பார்த்தேன்.

அரைச் சுற்று, நிறுத்தம், அரைச் சுற்று, நிறுத்தம் என்று பொய்மீன் படகுக்கு மூன்று மீட்டர் தூரத்துக்கு வந்துவிட்டது. அதன் பின்னால் தண்ணீரின் நிறம் கொஞ்சம் கறுத்தது. நிழல் என்று நினைத்தேன். நிழலுக்குக் கண் இருந்தது. வாலைக்கூட அசைக்காமல், பக்கத் துடுப்புகளை மட்டும் மெல்லத் துழாவிக்கொண்டு, பொய்மீனின் வாலுக்கு ஒரு முழம் பின்னால் அது வந்துகொண்டிருந்தது. முதுகின் அகலம் என் தொடையளவு. பொய்மீன் இடப்பக்கம் வழுக்கினால் அதுவும் இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் வழுக்கினால் வலப்பக்கம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நிறுத்திவிட்டேன். பொய்மீனும் நின்றது, மீனும் நின்றது. ஐந்து நொடி இருக்கலாம். பிறகு அது பின்னோக்கியே மெதுவாக இறங்கி, பச்சை இருட்டில் கலந்து மறைந்தது.

அறுபதைத் தாண்டியது என்றார் வழிகாட்டி. நான் செய்த பிழையையும் மென்மையாகச் சொன்னார். துரத்தப்படுவதை உணர்ந்த எந்த மீனும் நின்று திரும்பிப் பார்க்காது. தப்பி ஓடத்தான் பார்க்கும். பின்னால் வருவதைப் பார்த்தவுடன் வேகத்தைக் கூட்டி, ஒரு முறை திடீரென்று திசையை மாற்ற வேண்டும். நின்ற கணத்தில் அது பொய் என்று அந்த மீனுக்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு பெரிதாக வளர்ந்த மீன் இத்தனை ஆண்டுகளில் எத்தனை பொய்களைப் பார்த்திருக்கும்!

அந்தப் படபடப்பு அடங்கும் முன்பே அடுத்த இழப்பு. வேகமாக வீசும்போது கட்டைவிரல் ரீலின் மேல் சரியாக அழுந்தவில்லை. நரம்பு உள்ளேயே சுருண்டு சிக்கிக்கொண்டது. முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்த பொய்மீனின் கனம் நரம்பைத் துண்டித்துக்கொண்டு பறந்தது. அறுபது மீட்டருக்கு அப்பால் கல் விழுந்தது போல ஒரு சத்தம். கொஞ்சம் கூடுதல் ஈயம் ஒட்டி மூழ்கும்படி செய்த பொய்மீன் அது. படகை ஓட்டிப்போய் அரைமணி நேரம் தேடியும் கிடைக்கவில்லை. என் சொந்தக் காசில் வாங்கியது, 7,200 யென். காசைவிட, முள்ளும் ரப்பரும் ஈயமுமாக அது ஏரியின் அடியில் கிடக்கிறது என்பதே மாலை வரை உறுத்திக்கொண்டிருந்தது. நரம்பின் முதல் இருபது மீட்டரை ஒவ்வொரு காலையும் வெட்டி மாற்றினால் இப்படி அறுவது குறையும் என்று அண்ணன் சொன்னார். நேற்றே அதைச் செய்திருக்க வேண்டும்.

மாலையில் கரையில் உகிமிடோவைப் பார்க்கப் போனோம். தண்ணீருக்குள் தூண்கள் நாட்டி, கரையிலிருந்து சிறு பாலம் போட்டுக் கட்டிய கோயில் மண்டபம் அது. நுழைவாயிலில் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. பழக்கத்தில் நான் கழற்றிவிட்டேன். காவலுக்கு இருந்தவர் ஓடிவந்து, குளிரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

திரும்பும் வழியில், படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்கள் கோல்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிடித்தால் திரும்ப விடுவீர்களா?" குரலில் கோபம் இல்லை. அண்ணன் மாட்டோம் என்றார். முதியவர் தலையசைத்துவிட்டு, சற்றுத் தள்ளி இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். பிடித்த பாஸையும் புளூகில் என்ற மீனையும் போடுவதற்காக ஷிகா மாநிலம் கரையெங்கும் வைத்திருக்கும் பெட்டிகளில் அது ஒன்று. வெளியிலிருந்து வந்து ஏரியின் சொந்த மீன்களைத் தின்னும் இந்த இரண்டு மீன்களையும் பிடித்தபின் பிவாவில் திரும்ப விடக் கூடாது என்று 2003 முதல் மாநில விதி இருக்கிறது. மீறினால் தண்டனை கிடையாது, மனச்சாட்சியை நம்பி வைத்த விதி. உயிருடன் வேறு இடத்துக்குக் கொண்டுபோவதோ 2005 முதல் நாடு முழுவதும் சட்டப்படி குற்றம். ஆகவே, பிடித்தால் அந்த இடத்திலேயே கொல்ல வேண்டும். பாஸ் பிடிக்கிறவர்களில் பெரும்பாலோர் உலகெங்கும் மீனைத் திரும்ப விடுவதையே நாகரிகம் என்று கற்றவர்கள். அவர்களுக்கு இது கசப்பான விதி. எனக்கும் இங்கே வரும்வரை அப்படித்தான் இருந்தது.

மார்ச் 26, காற்று

இன்று ஹிரா ஹக்கோ. மலைத் துறவிகள் சங்கு ஊதிக்கொண்டு ஓட்சு நகரில் ஊர்வலமாகப் போய், கப்பலேறி, ஏரியில் மாண்டவர்களுக்காகவும் படகுகளின் பாதுகாப்புக்காகவும் வேண்டிக்கொள்ளும் நாள். இது முடிந்தால்தான் பிவாவுக்கு வசந்தம் வரும் என்பார்கள். யமஷினா மூதாட்டி சொன்னது போலவே விடியற்காலையில் ஜன்னல் சட்டங்கள் அதிரத் தொடங்கின. ஏரி முழுக்க வெள்ளை நுரை. வழிகாட்டி ஐந்து மணிக்கே தொலைபேசியில் அழைத்து, இன்று படகு இல்லை, பணமும் வேண்டாம் என்றார்.

பாலத்தைக் கடந்து குசாட்சுவில் உள்ள பிவா ஏரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். பாலத்தின் மேல் கார் ஆடியது. இந்தப் பாலத்தின் அருகேதான் 2009 ஜூலை 2 அன்று மனாபு குரிடா 10.12 கிலோ பாஸைப் பிடித்தார். 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த, 77 ஆண்டுகள் யாரும் எட்டாத மீனைவிட இது இருபது முப்பது கிராம் கூடுதல். ஆனால் பழைய உலக சாதனையைக் குறைந்தது இரண்டு அவுன்ஸாவது, அதாவது 57 கிராமாவது, தாண்ட வேண்டும் என்பது விதி. ஆகவே இரண்டையும் சமம் என்று அறிவித்தார்கள். பெரிய பொய்மீனின் பெருமையைப் பேசும்போது ஓர் உண்மையை மறைக்கக் கூடாது: குரிடாவின் மீன் பொய்மீனுக்கு வரவில்லை, உயிருள்ள புளூகில்லுக்கு வந்தது.

அந்தப் புளூகில்லும் வந்தேறிதான். 1960இல் அமெரிக்கா சென்றிருந்த பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ நகரத் தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்தது. உணவு மீனாக வளர்க்கலாம் என்று அவர் அதை மீன்வள ஆய்வகத்துக்கு அளித்தார். பாஸ் அதற்கும் முன்பே, 1925இல் ஹக்கோனேயில் உள்ள ஆஷி ஏரிக்கு வந்தது. பிவாவில் முதலில் தென்பட்டது 1974இல். 2007 நவம்பரில் பேரரசராக ஓட்சுவுக்கு வந்தபோது, தாம் கொண்டுவந்த மீனால் இப்படி ஆனதை எண்ணி மனம் வருந்துவதாக அகிஹிட்டோ வெளிப்படையாகவே சொன்னார். மீன்களை ஆராய்ச்சி செய்யும் அறிஞரும்கூட அவர். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து, அதே ஏரிக்கரையில் நின்று, பலர் முன்னிலையில் அதைச் சொல்ல ஒரு பெரிய மனம் வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டை எங்கள் ஊர்க் குளத்தைப் பிடித்துக்கொண்ட கதைக்கு யாரும் இதுவரை வருந்தியதாக நான் கேட்டதில்லை.

நிகோரோபுனாவின் குறைவுக்குப் பாஸ் மட்டுமே காரணம் அல்ல. கரைகளைக் கல்லாலும் சிமெண்டாலும் கட்டி நாணல் காடுகளை அழித்ததும், மழைக்காலத்துக்கு முன் ஏரியின் நீர்மட்டத்தைத் தாழ்த்துவதும் அதன் முட்டையிடும் இடங்களைப் பறித்துவிட்டன. எஞ்சிய குஞ்சுகளுக்குப் புதிய பகைவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அருங்காட்சியக உணவகத்தில் மாவில் தோய்த்துப் பொரித்த பாஸ் டெம்புரா வைத்த சோற்றுக் கிண்ணம் கிடைக்கிறது, ஆயிரம் யென்னுக்குச் சற்று மேல். வெள்ளைச் சதை, மென்மை, வாடையே இல்லை. மசாலா மட்டும் இருந்திருந்தால் விரால் வறுவல் என்று சொல்லிக் கொடுத்திருக்கலாம். அண்ணன் இன்னொரு கிண்ணம் வாங்கினார்.

மார்ச் 27, மழையும் ஃபுனாவும்

காற்று அடங்கி, நள்ளிரவிலிருந்து மென்மையான மழை. வெப்பம் 11 டிகிரி. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் அரைநாள் படகுதான். வழிகாட்டி முதல் முறையாகச் சிரித்தார். வசந்தத்தின் முதல் வெதுவெதுப்பான மழைக்கு ஃபுனாக்கள் நாணல்களை நோக்கிக் கிளம்பும். அவற்றின் பின்னால் யார் கிளம்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியும் என்றார். கிழக்குக் கரையில் ஒரு நாணல் திட்டுக்கு வெளியே, இரண்டு மீட்டர் ஆழத்தில் படகை நிறுத்தினார். தன்னுடைய ஃபுனா நிறப் பொய்மீனையே எனக்குக் கட்டிக் கொடுத்தார். இந்த முறை நரம்பை நானே வெட்டிப் புதிதாக முடிச்சுப் போட்டேன்.

பத்து மணி இருக்கும். நாணலை ஒட்டி விழுந்த பொய்மீன் நான்காவது முறை வழுக்கியபோது அதன் பின்னால் தண்ணீர் முதுகு போலப் புடைத்தது. கை நின்றுவிடத்தான் பார்த்தது. நிறுத்தவில்லை. மூன்று சுற்று வேகமாகச் சுற்றி, கோலின் நுனியை ஒரு முறை சுண்டினேன். பொய்மீன் திடுக்கிட்டது போலப் பின்பக்கமாகத் திரும்பி, வருகிறதை நேருக்கு நேர் பார்த்தது. மீன் மோதிய அதிர்வு எதையும் நான் உணரவில்லை. நரம்பு மட்டும் தளர்ந்து, பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. வழிகாட்டி "இப்போது" என்று கத்தினார். முழு உடம்பையும் பின்னால் சாய்த்து இழுத்தேன்.

மீன் ஒரே ஒரு முறை துள்ளியது. வாயை விரித்துத் தலையை உதறியபோது அந்தப் பெரிய பொய்மீன் அதன் கன்னத்தில் ஒரு சிறு இலை போலத் தொங்கியது. இரண்டு நிமிடத்தில் வலைக்குள் வந்துவிட்டது. 58 சென்டிமீட்டர், 3.9 கிலோ. அறுபது இல்லை. அதைப் பற்றி அந்தக் கணத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கியபோது என் முழங்கை நடுங்கியது. வாய்க்குள் என் கைமுஷ்டி தாராளமாகப் போகும்.

வழிகாட்டி என்னைப் பார்த்தார். "உங்கள் மீன்" என்று மட்டும் சொன்னார். இந்த மீன்களை வைத்துத்தான் அவர் குடும்பம் நடக்கிறது. அவர் கண்ணில் எந்த விருப்பத்தையும் காட்டாமல் நின்றதை நான் மறக்க மாட்டேன். கொண்டுபோகிறேன் என்றேன். அவர் மண்டியிட்டு, ஒரு கையால் மீனின் கண்களை மூடி, கூர்மையான கம்பியைக் கண்ணுக்குப் பின்னால் ஒரே குத்தில் இறக்கினார். துடுப்புகள் விரிந்து, ஒரு முறை சிலிர்த்து அடங்கின. செவுளை அறுத்து வாளித் தண்ணீரில் இரத்தத்தை வடியவிட்டார். வயிற்றில் என்ன இருந்தது என்று மறக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

விடுதிச் சமையலறையில் செய்தித்தாளை விரித்து ஓகாமி-சானே மீனை வெட்டினார். வாடை தோலில்தான் இருக்கிறது என்று முதலில் தோலை உரித்தார். பிறகு இரைப்பையைக் கீறினார். உள்ளே தலை முதலாக விழுங்கப்பட்ட ஒரு மீன், வால் தொண்டைப் பக்கம் மடிந்து கிடந்தது. முகத்தில் தோல் கரையத் தொடங்கியிருந்தது; மற்றபடி முழுசாக இருந்தது. ஓகாமி-சான் அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் "நிகோரோ" என்றார். நான் மேலே ஓடிப்போய், வழிகாட்டி நினைவுக்காகக் கொடுத்திருந்த அந்தப் பொய்மீனை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். முதுகு வளைவு, வயிற்றின் மங்கிய பொன், வாலின் நுனி, எல்லாம் ஒன்றாகவே இருந்தன. பொய்மீன் ஒரு விரல்கடை நீளம் கூடுதல், அவ்வளவுதான். ஓகாமி-சான் ஃபுனாவின் வயிற்றைக் கத்தி நுனியால் திறந்தார். ஆரஞ்சு நிறத்தில் முட்டை நிறைந்திருந்தது. சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு நாளில் நாணலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்றார்.

அண்ணன் கோபேயிலிருந்து கொண்டுவந்திருந்த புளியையும் குழம்புப் பொடியையும் எடுத்தார். சின்ன வெங்காயம் கிடைக்கவில்லை. பெரிய வெங்காயத்தை நறுக்கி, தக்காளி போட்டு, எள்ளெண்ணெயில் குழம்பு வைத்தோம். அவர்கள் ஊர் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது என்பதால் வாசனை நம் நல்லெண்ணெயை மீறி ஏறிவிட்டது. ஆனாலும் மீன் நன்றாகவே குழம்பை ஏற்றுக்கொண்டது. ஓகாமி-சான் நெற்றி வியர்க்க இரண்டாவது முறையும் சோறு போட்டுக்கொண்டார். மீதியை மூடி போட்ட கிண்ணத்தில் வைத்து, படகுத்துறையில் வலை பிரிக்கும் முதியவருக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார்.

ரயில் நேரத்துக்கு வந்தது. நடைமேடையிலிருந்து வழிகாட்டியை அழைத்து, வயிற்றில் இருந்தது நிகோரோபுனா, முட்டையோடு என்று சொன்னேன். எவ்வளவு நீளம் என்று கேட்டார். இருபது சென்டிமீட்டர் என்றேன். குறிப்பேட்டில் எழுதுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, அது நாணலுக்குப் போகும்போதா பிடிபட்டது, வரும்போதா என்று கேட்டார். போகும்போதுதான், முட்டை முழுசாக இருந்தது என்றேன். அதையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.